பன்னிரண்டாம் மேஜைக்காரர்

— சூப்பு ஆறிப்போயிருந்தா திருப்பி அனுப்ப வேண்டியதுதானே? அங்க வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, வீட்ல வந்து என்கிட்ட ஏன் புலம்புறீங்க?

— புலம்பல, சொல்றேன். உங்க ரெஸ்டாரண்ட் போர்டுல ‘சுடச்சுட’ன்னு எழுதியிருக்கு. எல்லா ஊர்க் கிளையிலயும் அதையேதான் எழுதியிருக்காங்க. எனக்கு வந்தது மட்டும் பச்சத்தண்ணி.

— உங்களை அங்க யாரு வரச் சொன்னது? லீவு நாள்ல வீட்ல படுத்துத் தூங்க... ஸ்ஸ்... தண்ணி கொதிக்குதுங்க!

— நாள் முழுக்க நின்ன கால், வாளியில மெதுவா வை. பாரு, உன் காலுக்குக்கூட சுடச்சுட வந்துருச்சு.

— பேச்சை மாத்தாதீங்க. புதன்கிழமை ஆனா போதும், ஜன்னலோரம் பன்னெண்டாம் நம்பர் மேஜையில வந்து உக்காந்துக்கறீங்க. இன்னிக்கும் அதே மேஜை. அது என்ன, உங்க தாத்தா எழுதி வச்ச சொத்தா?

— கவனிச்சுக்கிட்டா இருந்த?

— கவனிக்காம? கட்டின புருஷன் மழமழன்னு ஷேவ் பண்ணிக்கிட்டு, நீலச் சட்டை போட்டுக்கிட்டு வர்றாரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்துப் போடுங்கன்னு கெஞ்சினேனே, அந்தச் சட்டை! வந்து உக்காந்து, வேற ஒருத்தி பரிமாற, தின்னுட்டுப் போறாரு. நான் ஓரமா நின்னு டம்ளர் தொடைக்கிறேன்.

— வேற ஒருத்தின்னா... குருவியா?

— குருவியாம்! நாங்க வச்ச பேரு இவரு வாயில எப்படித் தேனா ஒழுகுது பாரு.

— நீதானே தினம் வந்து சொல்ற. குருவி லேட்டு, குருவி தட்டை உடைச்சா, குருவி லிப்ஸ்டிக் மாத்தினான்னு. 

— அவ குனிஞ்சு குனிஞ்சு என்ன கேட்டா?

— ‘வேற எதாவது வேணுமா சார்’னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— முதல்ல கேட்டதே இன்னும் வரலைம்மான்னு சொன்னேன்.

— சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.

— அழுதுகிட்டா சொல்லுவாங்க? ...ஏதோ கருகுற வாசனை வருதே. அடுப்புல எதாவது வச்சியா?

— நான் ஒண்ணும் வைக்கல.

— அப்ப உன் வயிறுதான்.

— ஆமா, எரியுது! பொறாமைதான், போதுமா? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சாப்பாடு கட்டிக் குடுக்கிறேன். ஒரு நாளாவது ‘நல்லாருக்கு’ன்னு சொல்லியிருப்பீங்களா? அங்க வந்து ஆறின சூப்பை உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறீங்க. அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கித் தலையில கவுத்துடலாமான்னு இருந்துச்சு.

— கவுத்திருக்கலாம். ஆறினதுதானே, சுட்டிருக்காது.

— விளையாடாதீங்க.

— சரி, உன் மேஜையில உக்காரலாம்னா விடுவீங்களா? அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கீங்களே.

— அது கம்பெனி ரூலு. சொந்தக்காரங்களுக்கு நாங்க பரிமாறக் கூடாது. ஒரு கரண்டி கூடப் போட்டுருவோம்னு பயம் அவங்களுக்கு.

— அதுக்காகப் புருஷனையே தெரியாத மாதிரிப் போவியா? முதல் தடவை நான் வந்தப்போ கையைத் தூக்கினேன். நீ என்னைத் தாண்டிப் போய் அடுத்த மேஜையைப் பாத்துப் பல்லைக் காட்டின.

— மேனேஜர் பாத்துக்கிட்டு நின்னாருங்க. ...அட, அதை விடுங்க. ஒரு சேதி சொல்ல மறந்துட்டேன். நாளையிலேர்ந்து ஜன்னலோர மேஜை எல்லாம் எனக்கு!

— ...அப்படியா?

— குருவியைப் பார்சல் கட்டுற இடத்துக்குத் தூக்கிட்டாங்க. இன்னிக்கு யாரோ ஒரு கஸ்டமர் மேனேஜரைத் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொல்லியிருக்காரு.

— ம்ம்.

— என்ன ம்ம்? இனிமே உங்க பக்கத்துல குனியறதுக்குக் குருவி இல்லைன்னு முகம் தொங்குதா?

— அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?

— ஸ்டோர் ரூம்ல நின்னு அழுதுச்சு. இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா வேலையே போயிரும்னு சொல்லிட்டாங்களாம்.

— நீ என்ன பண்ணின?

— தண்ணி குடுத்தேன்.

— அவ்வளவுதானா?

— வேற என்ன பண்ணணும்? மடியில போட்டுத் தாலாட்டணுமா?

— இல்ல... போன வாரம் நான் மீன் கேட்டேன். குழந்தைங்க சாப்பிடுற தட்டு வந்துச்சு. அதுல ஒரு உருளைக்கிழங்கு, கண்ணு வாயெல்லாம் வச்சு, ஈன்னு சிரிக்குது. தட்டோட நம்பர் அட்டையில பன்னெண்டுன்னுதான் போட்டிருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுச்சு. யாரோ அட்டையை மாத்தி வச்சிருக்காங்கன்னு சொல்லுச்சு.

— தண்ணி ஆறிருச்சுங்க.

— இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

— வேணாம்.

— லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கறவங்க ஒரு முழி முழிப்பாங்க. லிஃப்ட் ரிப்பேர் வேலையில தினம் பாக்குறேன். அதே முழி முழிக்கிற நீ.

— நான்தான்.

— என்ன நான்தான்?

— அட்டையை மாத்தினது நான்தான். இன்னிக்கு சூப்பு ரெடின்னு கிச்சன்ல மணி அடிச்சதும், எடுத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால தள்ளி வச்சதும் நான்தான். அவ பாவம், அதைத் தேடித் தேடி அலைஞ்சா.

— அடிப்பாவி.

— சர்வீஸ் பிடிக்காம நீங்க வர்றதை நிறுத்திருவீங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா அடுத்த புதனும் நீலச் சட்டையோட வந்து நிக்கறீங்க! பிள்ளைங்க தட்டையும் ஆறின சூப்பையும் சகிச்சுக்கிற அளவுக்கு அவகிட்ட அப்படி என்னங்க இருக்கு?

— நீ சூப்பைத் தள்ளி வச்சது எனக்குத் தெரியும்.

— ...எப்படி?

— கிச்சன் கதவுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி மாட்டியிருக்கீங்களே.

— அது நாங்க தட்டோட வெளிய வர்றதுக்கு முன்னாடி, சிரிப்பு ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கறதுக்கு.

— அந்தக் கண்ணாடி பன்னெண்டாம் நம்பர் மேஜையிலேர்ந்து மட்டும்தான் தெரியும், அதுல கிச்சன் உள்ள நீ பண்றதும் தெரியும். முதல் நாளே கண்டுபிடிச்சிட்டேன். அதுக்குத்தான் அந்த மேஜை.

— கண்ணாடியில என்ன பாக்கறீங்க?

— நீ சிரிக்கிறதை.

— நான் சிரிக்கிறதையா?

— ஆமா, கண்ணாடி முன்னால நின்னு ஒரு சிரிப்பு சிரிக்கிற. அப்புறம் அதை அப்படியே கொண்டு போய் எவனோ ஒருத்தனுக்கு வைக்கிற. அஞ்சாம் நம்பர்ல ஒரு தாடிக்காரன், ஸ்பூனைக் கீழ போட்டான். அதுக்கும் சிரிச்ச! நான் இங்க கண்ணாடிக் கிளாஸைக் கீழ போட்டப்போ என்ன பண்ணினன்னு ஞாபகம் இருக்கா?

— அது சம்பளத்துக்குச் சிரிக்கிறதுங்க. காலையிலேர்ந்து சிரிச்சுச் சிரிச்சு, வீட்டுக்கு வந்தா கன்னம் வலிக்குது. இங்கயாவது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கலாம்னு...

— தெரியும். அதனாலதான் ஒண்ணும் கேட்டதில்ல. மிச்சம் மீதியாவது வீட்டுக்கு வருமான்னு பாத்தேன், வரல. அந்த உருளைக்கிழங்குகூட என்னைப் பாத்துச் சிரிச்சுதுடி.

— லூசா நீங்க... வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா?

— என்னன்னு சொல்றது? சிரின்னா? சொல்லிச் சிரிக்க வைக்கத்தான் உனக்கு ஒரு மேனேஜர் இருக்காரே.

— அந்தத் துண்டை எடுங்க. ...காலையில போனதும் முதல் வேலையா நான் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்.

— என்னன்னு?

— குருவி மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் நான் பண்ணினதுன்னு. என்னைப் பார்சல் கட்டச் சொன்னாலும் சரி, வீட்டுக்குப் போகச் சொன்னாலும் சரி. என் புழுக்கத்துக்கு அந்தப் பொண்ணு ஏன் அழணும்? ஆனா போட்டுக் குடுத்தான் பாருங்க ஒருத்தன், அவன் மட்டும் என் கையில கெடைச்சா...

— கெடைச்சா?

— சூப்பு கொஞ்சம் ஆறினதுக்கு ஒரு பொண்ணு வேலையில கை வைப்பானா? அவனெல்லாம் ஒரு மனுஷனா?

— ...அந்தத் துண்டைக் குடு, நான் தொடைச்சு விடறேன்.

— கையை எடுங்க. ...என் முகத்தைப் பாருங்க. அது நீங்களா?

— குருவியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலடி. சத்தியமா. உன்னைக் கைகாட்டி, இனிமே எனக்கு அவங்க பரிமாறட்டும்னு கேட்டேன், அவ்வளவுதான். அந்த மனுஷன் அதைக் கம்ப்ளெயிண்ட்னு எடுத்துக்கிட்டாரு. காலையில நானும் கூட வந்து சொல்றேன்.

— ரூல் இருக்கே! யாராவது ஆளைக் காட்டிக் கேட்டா, அவங்க உங்களுக்கு என்ன வேணும்னுதானே அவர் முதல்ல கேப்பாரு?

— கேட்டாரு.

— என்ன சொன்னீங்க?

— யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன். தெரியாதவங்களைப் பாத்துத்தானே நீ சிரிக்கிற.