ஓடைக்கு அந்தப் பக்கம்

ஆர்வில்: ...அதனாலதான் சொல்றேன், இது கொள்கை முடிவு! தீர்மானம் ஐந்துக்கு ‘வேண்டாம்’னு வட்டத்தைக் கறுப்பாக்கி, தபால் ஓட்டு உறையை ஒட்டி, பெட்டியிலயும் போட்டுட்டு நேரா இங்கதான் வர்றேன்.

ட்வைலா: பான்கேக் ஆறுது தலைவரே. முதல்ல அதைச் சாப்பிடுங்க.

ஆர்வில்: சிரிக்காதே. தொகுதிக் கோட்டை சட்டசபைக்காரன் தன் இஷ்டத்துக்கு வளைச்சு வரையறான், அதுக்குத் தீர்மானம் ஐந்துன்னு பேர் வெச்சு நம்மகிட்ட ஓட்டுல ஒப்புதல் கேக்கறான். அரசாங்கம் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்னு சொல்ற லிபர்டேரியன் கட்சிக்கு மாவட்டத் தலைவர் நான். தலையாட்டுவேனா?

ட்வைலா: போன மாசம் ஆட்டினீங்களே! “துப்பாக்கிக் கடைக்காரர், தேனீ வளர்க்கிறவங்க, வரின்னாலே வாந்தி எடுக்கிற மலையடிவாரம்... மொத்தமும் என் தொகுதிக்குள்ள வருது. ரெண்டு பெரிய கட்சியும் என் வாசல்ல வந்து நிக்கும்”னு, இதே மேஜையில...

ஆர்வில்: அது வியூகம். இது கொள்கை.

ட்வைலா: ரெண்டும் எப்பவாவது ஒத்துப்போகுமா?

ஆர்வில்: நம்ம கட்சியிலயா? கமிட்டியைக் கூட்டித்தான் கேக்கணும்.

ட்வைலா: கமிட்டியே நீங்களும் நானும்தானே.

ஆர்வில்: அதுவும் போன தடவை ரெண்டா உடைஞ்சது.

ட்வைலா: உண்மையைச் சொல்லுங்க. பதினாறு வருஷமா ஜெயிக்காத மனுஷன், மடியில வந்து விழற தொகுதியை உதறுவாரா?

ஆர்வில்: ...சொன்னா கேலி பண்ணுவே.

ட்வைலா: சொல்லலைன்னாலும் பண்ணுவேன்.

ஆர்வில்: தேர்தல் புத்தகத்துல வரைபடம் பார்த்தேன். புள்ளிக் கோடு ஓடையை ஒட்டிப் போகுது. உன் வீட்டை அந்தப் பக்கம் தள்ளிடுது.

ட்வைலா: என் வீட்டையா?

ஆர்வில்: ஒன்பதாம் தொகுதிக்கு. அப்புறம் நீ எனக்கு ஓட்டே போட முடியாது. போன தடவை எனக்கு விழுந்தது நாற்பத்தொரு ஓட்டு. ஒண்ணு நான் போட்டது. மத்த முப்பத்தொன்பது பேர் யாரோ, எவரோ. ஆனா ஒண்ணு யாருதுன்னு தெரியும். அதை நினைச்சுத்தான் ஒவ்வொரு தடவை தோத்தும் மறுபடி நின்னேன். அதுக்குத்தானே என் தோல்வி உரையில முதல் நன்றி?

ட்வைலா: தெரியுமே. கேக்கறதுக்கு நான் ஒருத்திதானே உட்கார்ந்திருப்பேன்.

ஆர்வில்: பார்த்தியா, கேலி...

ட்வைலா: இல்ல ஆர்வில். ...அந்தப் புத்தகம் கையில இருக்கா?

ஆர்வில்: எப்பவும் இருக்கும். வரைபடம் பார்க்கத் தெரிஞ்ச ஒரே தலைவர் நான்தான் இந்த மாவட்டத்துல.

ட்வைலா: வரைபடத்துக்குக் கீழே பொடி எழுத்துல இருக்கே, கண்ணாடியைப் போட்டுப் படிங்க.

ஆர்வில்: “அழுத்தமான கோடு... புதிய எல்லை. புள்ளிக் கோடு...”

ட்வைலா: ம்?

ஆர்வில்: “...தற்போதைய எல்லை.” அப்போ நீ... இப்பவே அந்தப் பக்கமா?

ட்வைலா: நாம பழகின நாள்லேர்ந்தே. உங்க பேரு என் ஓட்டுச்சீட்டுல ஒரு தடவை கூட வந்ததில்ல.

ஆர்வில்: நான் எட்டுத் தடவை நன்றி சொல்லியிருக்கேனே!

ட்வைலா: முதல் தடவையே சொல்லியிருக்கணும். நீங்க தழுதழுத்த விதத்துல எனக்கு வாய் வரல. லைசென்ஸ் இல்லைன்னு அதிகாரிங்க என் ஆட்டுப்பால் கொட்டகையை மூட வந்தப்போ, நாலு விசாரணைக்கும் கோட்டு மாட்டிக்கிட்டு வந்து நின்ன மனுஷன் நீங்க. உங்களுக்கு என்னால ஒரு ஓட்டு போட முடியாதுன்னு எந்த முகத்தோட சொல்வேன்?

ஆர்வில்: ...அப்போ நீ தீர்மானம் ஐந்துக்கு?

ட்வைலா: ‘வேண்டும்’னு போட்டேன். புதுக் கோடு வந்தாத்தான் என் வீடு உங்க தொகுதிக்குள்ள வரும். வளைச்ச கோடுதான், கொள்கைக்கு விரோதம்தான், எல்லாம் தெரியும். ஒரே ஒரு தடவையாவது உங்க பேருக்கு நேரா வட்டத்தைக் கறுப்பாக்கணும்னு ஆசை... நேத்து நான் போட்டுட்டு வந்த ஓட்டைத்தான் இன்னைக்கு நீங்க போய் ‘வேண்டாம்’னு போட்டு அழிச்சுட்டு வந்திருக்கீங்க, தலைவரே.