முறுக்கு அச்சு என்று பிரித்த பார்சல்

"முறுக்கு அச்சு வந்துருச்சுன்னு பார்சலைப் பிரிச்சேங்க. உள்ள பிஸ்டல்ல குறி பார்க்கிற சைட்டை அட்ஜஸ்ட் பண்ற டூல் இருக்கு."

ஹூஸ்டன் மளிகைக் கடையில், பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கணவரிடம் தணிந்த குரலில் சொன்னார். அவர்கள் தள்ளுவண்டியில் அரிசி மாவும் எள்ளும் இருந்தன.

"பையன் மனசு இருக்கிற நிலைமையில வீட்ல துப்பாக்கி கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. வித்துட்டேன்னு பொய் சொன்னீங்களா?"

"சத்தியமா வித்துட்டேன்மா."

"அப்ப எந்தத் துப்பாக்கிக்கு இது?"

"நான் எதுவும் ஆர்டர் பண்ணலை. பார்சல்ல யார் பேரு போட்டிருந்துச்சு?"

அந்தப் பெண் உடனே போனை எடுத்து மகனை அழைத்தார்.

"ரிங் போயிட்டே இருக்குங்க. எடுக்க மாட்டேங்கிறான்."

வண்டியை அப்படியே விட்டுவிட்டு இருவரும் வாசலை நோக்கி ஓடினார்கள்.