முப்பது புத்தம்புதுப் பழைய பலகைகள்

ஷாகிர்: ...அதெல்லாம் அப்பறம். அடுப்ப அணைச்சிட்டு இங்கிட்டு வா பவுசியா. அறிவிப்பு இருக்கு. நின்னுக்கிட்டுத்தான் கேக்கணும்.

பவுசியா: நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க.

ஷாகிர்: ‘இன்று முதல், இந்த வீட்டின் நான்கு சுவர்களுக்குள், ஷாகிர் என்பவரின் கைபட்டு உருவாகும் எந்தப் பலகையையும் பலகை என்று எவரும் அழைக்கலாகாது. சர்ஃபேஸ் என்றே அழைக்க வேண்டும். மனைவிமார்களும் இதற்கு விலக்கல்ல.’

பவுசியா: மீன் வெட்டுற பலகை?

ஷாகிர்: அது... அது பலகைதான்.

பவுசியா: அரிசி டின்னுக்கு மூடியா வச்சிருக்கேனே, நீங்க அறுத்ததுல மிஞ்சுனது?

ஷாகிர்: என் கையால அறுத்ததுன்னா சர்ஃபேஸ்.

பவுசியா: சரி மச்சான். சர்ஃபேஸ்ல பல்லி ஒக்காந்திருக்கு. வெரட்டி விடுங்க.

ஷாகிர்: சிரிக்காத. மெட்ராஸ்ல பிரசாந்த் சார் அப்படித்தான் சொல்றாரு.

பவுசியா: யாரு, பிரியாணிய போட்டோ எடுக்குறவரா?

ஷாகிர்: அப்படிப் பட்டுன்னு சொல்லக் கூடாது. உணவுக் காட்சிக் கலைஞர். கார்டுல அச்சடிச்சிருக்காரு.

பவுசியா: திங்கிறதுக்கு முந்தி போட்டோ எடுக்குறதுக்கு ஒரு பட்டமா.

ஷாகிர்: திங்கிறதே கிடையாது. கறிக்கு மேல எண்ணெயத் தடவி, ஆவி வரணும்னு பஞ்ச வெந்நியில நனைச்சுப் பின்னால ஒளிச்சு வச்சு... படம் எடுத்து முடிச்சதும் கீழ கொட்டிருவாங்களாம்.

பவுசியா: அந்தக் கொட்டுற சோத்துக்கு அடியில வைக்கத்தான் பத்து மாசமா கொல்லையில இந்தக் கூத்தா?

ஷாகிர்: கூத்தா? தொழிலு.

பவுசியா: பதினோரு வருசம் கத்தார்ல ஓட்டல் கதவுக்கெல்லாம் மொகம் பாக்குற மாதிரி பாலீஷ் போட்ட மனுசன். இப்ப டைல்ஸ் கடைக்காரன் தூக்கிப் போட்ட பேக்கிங் கட்டைய ஒட்டி, நெருப்பக் காட்டி, கம்பி பிரஷ்ஷால சொரண்டி, சங்கிலியால வெளுத்து... பக்கத்து வீட்டுல என்ன கேக்குறாங்க தெரியுமா?

ஷாகிர்: என்னவாம்?

பவுசியா: ஒம் புருசனுக்கு அந்தக் கட்டை மேல அப்படி என்ன கோவம்னு.

ஷாகிர்: ரசனை இல்லாதவங்க.

பவுசியா: வினிகர்ல பாத்திரம் வெளக்குற கம்பி நார ஊறப் போட்டு வச்சிருக்கீங்களே, அதுவும் ரசனையா? ஊறுகான்னு நெனச்சுத் தொறந்துட்டேன் அன்னைக்கு.

ஷாகிர்: அதுதான் மருந்தே. மொதல்ல டீத்தண்ணி, காஞ்சதும் அந்தத் தண்ணி. தடவுன அரை மணி நேரத்துல புதுக் கட்டைக்கு அறுவது வயசு ஆயிரும்.

பவுசியா: அதுக்கு வினிகர் எதுக்கு. எனக்கு இந்த வீட்டுல சும்மா நின்னதுக்கே ஆயிருச்சு.

ஷாகிர்: ஒரே ஒரு கஷ்டந்தான். பாலீஷ் போடக் கூடாதுன்னுட்டாரு. கை தானா டப்பாவத் தேடுது. பளபளப்பு இருந்தா லைட்டு திருப்பி அடிக்குமாம். பலகை மங்கிக் கெடந்தாத்தான்...

பவுசியா: சர்ஃபேஸ்.

ஷாகிர்: ...சர்ஃபேஸ் மங்கிக் கெடந்தாத்தான் சோறு மினுங்குமாம்.

பவுசியா: அப்ப எங்கத்தா வள்ளத்துப் பலகைக்கு என்ன கொறச்சல்? நாப்பது வருசம் உப்புத் தண்ணியில கெடந்து மங்குனது. அத ஏன் திருப்பி அனுப்புனாரு?

ஷாகிர்: அது வந்து... பழசு மாதிரி தெரியலையாம்.

பவுசியா: எது?

ஷாகிர்: ‘இதில் காலத்தின் குரல் ஒலிக்கவில்லை ஷாகிர்’னு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு.

பவுசியா: நாப்பது வருசம் பத்தலையா அவருக்கு.

ஷாகிர்: ஆனா போன வாரம் மூணு சாம்பிள் அனுப்புனேன்ல, அதுல ஒலிச்சுதாம். ‘அற்புதம், எந்தப் பழைய மாளிகையில் எடுத்தீர்கள்’னு கேட்டாரு.

பவுசியா: நம்ம கோட்டைப்பட்டினத்துக் கொல்லையில செவ்வாக்கிழம செஞ்சதுலயா?

ஷாகிர்: ஆமா.

பவுசியா: அப்ப அது செவ்வாக்கிழமையோட கொரலு.

ஷாகிர்: நீ சிரி. ஏதோ பெரிய ஓட்டல், ஊரு ஊரா கிளை. மெனு கார்டு பூராம் படம். முப்பது பலகை கேக்கப் போறாரு. இன்னைக்கு அசர் தொழுகைக்குள்ள போன் பண்றேன்னாரு. முப்பதும் ஓகே ஆச்சுன்னா மாசா மாசம் வேலை வரும். கத்தார்ல இருக்குற ஒந் தம்பி யாக்கூப்புக்கிட்ட ‘மச்சான் வரல, கத்தாரு வேணாம்’னு தெளிவாச் சொல்லிரு.

பவுசியா: ஓகே ஆவலைன்னா?

ஷாகிர்: ஏன் அபசகுனமாப் பேசுற.

பவுசியா: கேக்குறேன்ல. அவன் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதில் வேணும்னு நிக்கிறான்.

ஷாகிர்: ஆவலைன்னா... போக வேண்டியதுதான். வேற என்ன. அதான் போன மாசம் திருச்சிக்குப் போயி மெடிக்கலும் முடிச்சுட்டு வந்தாச்சே.

பவுசியா: ம்.

ஷாகிர்: என்ன ‘ம்’?

பவுசியா: ஒண்ணுமில்ல. முப்பதும் ஓகே ஆகட்டும் மச்சான். யாரும் எங்கிட்டும் போக வேணாம்.

ஷாகிர்: அப்படிச் சொல்லு. ...மணி என்ன?

பவுசியா: பாங்கு சொல்ல இன்னும் கா மணி நேரம். போன அப்படி மொறச்சுப் பாக்காதீங்க, அது பயந்துறும்.

ஷாகிர்: சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்.

பவுசியா: காலையிலேருந்து ஏழு தடவ பாத்தீங்க. ஆமா, மீன் ஆணம் வைக்கத் தெரியுமா ஒங்களுக்கு?

ஷாகிர்: இப்ப எதுக்கு அது?

பவுசியா: சும்மா. புளிய மொதல்ல ஊத்தணுமா, மீன மொதல்ல போடணுமா, சொல்லுங்க பாப்போம்.

ஷாகிர்: மீன... ஏய், போன் அடிக்குது. அவருதான். தள்ளு, தள்ளு. ...சார். வணக்கம் சார். சொல்லுங்க சார்.

பவுசியா: ஸ்பீக்கர்ல போடுங்க.

ஷாகிர்: சும்மா இரு. ...இல்ல சார், ஒங்களச் சொல்லல. ...ஆமா சார், மூணும் வந்து சேந்துச்சா. ...ஓட்டல்காரங்களுக்கும் பிடிச்சுப் போச்சா. ...ரொம்பவா. ...அல்ஹம்துலில்லாஹ். ...முப்பது சார், இருவது நாள்ல முடிச்சிரலாம். கட்டையெல்லாம் சேத்து வச்சிருக்கேன், அறந்தாங்கியிலயே பார்சல் போட்டு... என்னது சார்?

பவுசியா: என்னவாம்?

ஷாகிர்: ...போட்டோவா. சோத்த வச்சா? ...வெறும் பலகையவா. மேலேருந்து. ...சரி சார். ...பிரிண்டா. ...ஃப்ளெக்ஸ்லயா சார். ...ஆ. ...கீறல் கூடத் தெரியுதா. ஆணி ஓட்டையுமா. ...சுருட்டி வச்சுக்கலாம். ஆமா, வெயிட்டு இல்லதான். ...கொழம்பு சிந்துனா தொடச்சிரலாம். ஆமா சார், கட்டையில அது முடியாது. ...முப்பதும் அடிச்சாச்சா. ...இல்ல சார், எனக்கு என்ன வருத்தம். சந்தோசந்தான். ...கௌரவமாத்தான் நெனைக்கிறேன். ...மூணையும் நீங்களே வச்சுக்கங்க சார். ஓ, எடம் இல்லையா. ...சரி சார். ...வச்சிர்றேன்.

பவுசியா: வச்சுட்டாரா?

ஷாகிர்: அவருதான்.

பவுசியா: தெரியும்.

ஷாகிர்: ரொம்பப் பாராட்டுனாரு. ஓட்டல் மொதலாளியே தடவிப் பாத்தாராம்.

பவுசியா: மச்சான்.

ஷாகிர்: இப்ப கொஞ்சம் பிஸியா இருக்காங்க. ரம்ஜானுக்கு அப்பறம் பெரிய ஆர்டரா...

பவுசியா: மச்சான், ஒரே ரூம்புலதான நிக்கிறேன். பலகைய போட்டோ எடுத்து ஃப்ளெக்ஸ் அடிச்சிட்டாரா?

ஷாகிர்: ம்.

பவுசியா: கல்யாணத்துக்கு, மவுத்துக்கெல்லாம் அடிக்கிறாங்களே, அதே ஃப்ளெக்ஸா?

ஷாகிர்: அதேதான். கொஞ்சம் தடிமன் கூடவாம்.

பவுசியா: நாம இங்க நல்ல கட்டைய அடிச்சுப் பழசாக்குவோம். அங்க அவங்க அதப் படம் பிடிச்சுப் புதுசா அடிப்பாங்களா.

ஷாகிர்: மேலேருந்து பாத்தா வித்தியாசமே தெரியலையாம். ‘உங்கள் கைவண்ணம் இனி அழியாது ஷாகிர்’னாரு.

பவுசியா: நீங்க என்ன சொன்னீங்க?

ஷாகிர்: கேட்டியே. சந்தோசம்னேன்.

பவுசியா: ரெண்டு வார்த்த நறுக்குன்னு கேட்டிருக்கக் கூடாதா?

ஷாகிர்: என்னன்னு கேக்க? பலகைய வித்தேனா, அதுல இருக்குற கீறல வித்தேனா, எனக்கே தெரியல. டைல்ஸ் கடையில தூக்கிப் போட்டத நான் எடுத்தேன். நான் அனுப்புனத அவரு எடுத்துக்கிட்டாரு.

பவுசியா: கொஞ்சம் தண்ணி குடிங்க.

ஷாகிர்: வேணாம்.

பவுசியா: குடிங்க, சொல்றேன்ல.

ஷாகிர்: ...கொல்லையில எவ்வளவு கட்டை கெடக்கு தெரியுமா. முப்பது பலகைக்கு அறுத்தே வச்சுட்டேன். நேத்துத்தான் பாதிக்குத் தீக்காட்டுனேன்.

பவுசியா: அடுப்புக்கு ஆகும்.

ஷாகிர்: அதுக்கும் ஆகாது. பசை தடவுனது, பொகையும். சரி. யாக்கூப்புக்குப் போனப் போடு. மச்சான் வாராருன்னு சொல்லிரு.

பவுசியா: எங்க வாராருன்னு?

ஷாகிர்: கத்தாருக்குத்தான். இன்னும் நாலஞ்சு வருசம் ஓட்ட மாட்டேனா. கதவு செய்யவாவது ஆளு வேணும்ல அவனுங்களுக்கு. அத யாரும் ஃப்ளெக்ஸ்ல அடிக்க முடியாது.

பவுசியா: மெடிக்கல் பாஸ் ஆயிருச்சுன்னீங்க.

ஷாகிர்: ஆயிருச்சு. பேப்பரு வரத்தான் கொஞ்சம் லேட்டாகும். அங்க கூட்டம். அது வர வரைக்கும் ஒரு வாரம், பத்து நாளு பொறுக்கச் சொல்லு ஒந் தம்பிய.

பவுசியா: அவன் பொறுக்க மாட்டான். டிக்கெட்டுப் போட்டுட்டான்.

ஷாகிர்: டிக்கெட்டா? எப்ப?

பவுசியா: முந்தாநாளு. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொன்னா கேன்சல் பண்ணிக்கலாம்னான். ஒங்களுக்கு ஆர்டர் வந்துட்டா சொல்லிரலாம்னுதான் இருந்தேன்.

ஷாகிர்: பேப்பரே வரலையே புள்ள... மெடிக்கல் பேப்பரு இல்லாம எம் பேருல எப்படி டிக்கெட்டுப் போட்டான்?

பவுசியா: ஒங்க நெஞ்சு எக்ஸ்ரேல புள்ளி இருக்கு, அன்ஃபிட்டுன்னு போன மாசமே அவன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு எங்கிட்ட சொல்லிட்டான் மச்சான். டிக்கெட்டு எம் பேருல இருக்கு. அவன் மொதலாளி வீட்டுல சமையல் வேலை, ரெண்டு வருசம்.