முத்தாபுதுப்பேட்டை உதயகுமார்

எத்திராஜ்: ...அதெல்லாம் முடியாது கண்ணம்மா. உதயகுமாரு வராம நான் மேடை ஏற மாட்டேன்.

கண்ணம்மா: யோவ், விழா உனக்கா, அவனுக்கா? தமிழ்ல மொதமொதல்ல படக்கதை வரைஞ்சவங்கள்ல ஒருத்தர்னு அம்பத்தூர்ல மண்டபம் புடிச்சி பேனர் கட்டிகீறாங்க. சட்டைய மாட்டு, கார் வந்துகினு கீது.

எத்திராஜ்: அந்தாளு இல்லன்னா ஏது விழா? நம்ம கல்யாணமான புதுசு... 'குதிரைக்கார செங்கோடன்' தொடர எட்டாவது வாரமே நிறுத்தறேன்னாரு எடிட்டரு. ஒரு லெட்டர் கூட வர்லயாம்.

கண்ணம்மா: அப்பால வந்துச்சே!

எத்திராஜ்: எங்கிருந்து? எல்லாம் முத்தாபுதுப்பேட்டையிலேர்ந்து! 'உதயகுமார், தலைவர், செங்கோடன் ரசிகர் மன்றம்.' தொடர் மூணு வருசம் ஓடுச்சி. அத்தப் பாத்துதானே பொம்மப்படக் கம்பெனிக்காரன் கூப்ட்டான். பல்பொடி விளம்பரத்துல எலி பல்லு வெளக்க எழுநூறு படம் வரைஞ்சேன்...

கண்ணம்மா: எழுநூறு எலிக்கும் கலர் அடிச்சது யாரு?

எத்திராஜ்: நீதான். இப்ப அவர கூட்டிகினு வா.

கண்ணம்மா: நான் எங்க போய் தேட? நாப்பத்தஞ்சு வருசமாச்சி... செத்துகித்துப் போயிருப்பான்.

எத்திராஜ்: வாயக் கழுவு! நல்லாத்தான் கீறாரு.

கண்ணம்மா: ...ஏன்யா, அப்டி ஒரு ஆளே இல்லன்னா? மன்றமே பொய்யின்னா? சபையில உனக்கு அசிங்கமாப் பூடாதா?

எத்திராஜ்: எதுக்குடி அழுவுற?

கண்ணம்மா: யாரு அழுவுறா? பவுடரு கண்ணுல பட்டுச்சி.

எத்திராஜ்: மூணாவது லெட்டர்ல தலைவரு இன்னா எழுதினாரு தெரியுமா? 'குதிரை கோட்டை மதிலைத் தாண்டும் படம் பிரமாதம்'னு.

கண்ணம்மா: பிரமாதந்தானே? பிடரி மயிரு அப்டியே பறக்குமே...

எத்திராஜ்: அந்தப் படம் அச்சுலயே வர்ல கண்ணம்மா.

கண்ணம்மா: ...இன்னாது?

எத்திராஜ்: கடைசி நேரத்துல அத்தத் தூக்கிட்டு சீயக்கா விளம்பரம் போட்டுட்டாங்க. புக்கு கடைக்கு வர்றதுக்குள்ளயே நீ லெட்டரப் போட்டுட்ட. நம்ம ஊட்டு மேஜைல அத்தப் பாத்தது ரெண்டே பேரு. அன்னிலேர்ந்து, நீயா சொல்லுவன்னு பாத்துகினே கீறேன்... பட்டுப்பொடவைய கட்டிகினு வாங்க தலைவரே, மேடைல உங்களுக்கும் ஒரு சேர் போடச் சொல்லிட்டேன்.