மரச்சீனித் தண்ணி

விதுரா போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "எங்க ஆட்டுக்கு என்னைவிட விவரம் இருந்துச்சு, அக்கா."

"இருந்துச்சுன்னா?"

"செத்துப்போச்சு. ஆபீஸ் வேலையை விட்டுட்டு மலையடிவாரத்துல நிலம் வாங்கிப் போனோம்லா? மழைக்காலத்துக்குன்னு மரச்சீனியை, அந்த மரவள்ளிக் கிழங்கை, அரைவேக்காடா எடுத்துப் பாறையில காயப்போடப் படிச்சேன். எதையும் வீணாக்கக்கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு சட்டம். வேகவச்ச தண்ணியை ஆட்டுக்கு வச்சேன்."

"ஐயோ, அது விஷமல்லே! கொட்டிக் களையணுமே."

"சொல்லித்தந்தவங்களும் கொட்டணும்னுதான் சொன்னாங்க. ஏன்னு நான் கேக்கலை."

நெடுமங்காட்டில் பஸ் நின்றது. கிளம்பியதும் இளையவளே மறுபடி தொடங்கினாள்.

"அது மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு, அக்கா. நான்தான் கருப்பட்டி கலந்து குடிக்க வச்சேன்."