கூட வந்தவர்கள் வெளியில் இருங்கள்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, பேச்சாளர்களின் நீளத்தை முன்கூட்டியே மன்னித்துவிட்டவர் போலப் புன்னகைக்கும் நூலகத் தலைவர் அவர்களே! எங்கள் நாக்குகளை வளைத்து, நெளித்து, நிமிர்த்தி, அதில் அயல்மொழி ஒன்றை அமர வைத்த ஆசிரியை அவர்களே! முன்வரிசையை முழுதாக எடுத்துக்கொண்ட பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் கைப்பைகளைப் பக்கத்து நாற்காலியிலும் அமர்த்தியிருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த புத்திசாலிகளே, பிடிக்க முடியாமல் போன பொறுமைசாலிகளே! மாலை நேர ஸ்பானிய வகுப்பின் செயலாளர் என்ற முறையிலும், உங்களில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவன் என்ற முறையிலும், என் பணிவான வணக்கம்.

நம் வகுப்பிலிருந்து முதன்முதலாக ஒருவர் அந்த மொழி பேசும் மண்ணுக்குப் புறப்படுகிறார். அதற்குத்தான் இந்த மேடை, இந்த விளக்கு, இந்த ஒலிபெருக்கி. பயணம் என்றால் என்ன? பெட்டி கட்டுவதா? பாஸ்போர்ட்டைப் பத்து முறை தொட்டுப் பார்ப்பதா? பறந்து போய், படம் பிடித்து, பத்திரமாகத் திரும்புவதா? பதில் சொல்ல நான் யார்? வெளிநாடு போனவனும் இல்லை, போக ஆசைப்பட்டவனும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புறப்படுகிறவரை வகுப்பில் நாங்கள் அழைப்பது எக்ஸ்ரே அக்கா. அதோ, என்னைப் பார்க்காமல் மேடை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். மருத்துவமனையில் அவருடைய அறை உங்களுக்குத் தெரியும். ஆணியில் தொங்கும் ஈயக் கவசம். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. சங்கிலியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்க ஒரு தட்டு. வாசலில் நின்று நாள் முழுக்க அவர் சொல்வது ஒன்றுதான்: "கூட வந்தவங்க எல்லாரும் வெளியில இருங்க." உள்ளே போனதும் சொல்வது இன்னொன்று: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." படம் எடுத்து முடிந்ததும் "விடலாம்" என்பார். இங்கே எத்தனை பேருடைய விலா எலும்பை அவர் பார்த்திருக்கிறார், கை தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா! இறக்கிவிடுங்கள், இறக்கிவிடுங்கள்.

அந்த அறைக்கு ஒரு நாள் ஒரு கப்பல் தொழிலாளி வந்தார். மார்பில் வலி. ஸ்பானியம் தவிர வேறு மொழி தெரியாது. அக்கா மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், அவர் பணிவாகத் தலையாட்டினார், படம் மங்கிவிட்டது. மறுபடி சொன்னார், அவர் அழகாகச் சிரித்தார், படம் மறுபடி மங்கியது. கடைசியில் அக்காவே மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பிக் காட்டினார். அந்த மனிதரும் கன்னத்தை உப்பிக்கொண்டார், நெஞ்சு மட்டும் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அக்கா நூலக மாடிக்கு வந்து ஆசிரியையிடம் கேட்டார்: "மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்லத் தெரியணும். அதுக்கு எத்தனை மாசம் ஆகும் மேடம்?"

அந்த வாக்கியம் முதல் வகுப்பிலேயே வந்துவிட்டது. அக்கா நிற்கவில்லை. மூன்று ஆண்டுகள் படித்தார். ஆசை என்று வந்துவிட்டால் அளவு ஏது, அணை ஏது? ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பேசிக்கொண்டே வருவார், ஒரு சொல்லுக்காக நிற்பார். நின்றால் போதும்! இந்தப் பக்கமிருந்து ஒருவர், அந்தப் பக்கமிருந்து ஒருவர், பின்னாலிருந்து இருவர் என்று சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அன்பால்தான் செய்தோம். ஒரு நாள் அவர் புத்தகத்தை மூடிவிட்டார். "எல்லாரும் எடுத்துக் குடுத்துட்டே இருந்தா எனக்கு எப்பதான் வரும்? யாருமே எடுத்துக் குடுக்காத ஊர்ல ஒரு மாசம் இருந்து பார்க்கணும்" என்றார். பயணம் பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

ஆசிரியை விசாரித்து ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். மொழி பழக வருபவர்களுக்குத் தன் வீட்டில் ஓர் அறை கொடுக்கும் அம்மா ஒருவர். ஒரு கட்டில், ஒரு மேசை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அவர்களோடு உண்டு, அவர்களோடு கடைக்குப் போய், அவர்கள் வீட்டுச் சண்டையையும் அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். மருத்துவமனை அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் விடுப்புக் கொடுத்தது. அக்காவின் அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, பிறர் ஓட்டுவதைப் பார்த்தே பழகியவர். அவர் சொன்னார்: "ஒரு குடும்பத்தோட இருக்கிறதுன்னா போயிட்டு வா. ஹாஸ்டல், லாட்ஜுன்னா பேச்சே வேண்டாம்." ஆகப் பயணம் மொத்தமும் அந்த ஒற்றைக் கட்டிலை நம்பி நின்றது.

அந்த அம்மா, வீடியோ அழைப்பில் ஒரு முறை முகம் பார்த்துப் பேசலாம் என்றார். நம் வீடுகளில் வீடியோ அழைப்பு எப்படி நடக்கும்? நான் சொல்லவும் வேண்டுமா? அக்கா நடுவில். வலது தோளில் கணவர். இடது தோளில் நாத்தனார். மேலே அண்ணன், அண்ணி. கீழே, நாற்காலியோடு நகர்த்திக் கொண்டுவரப்பட்ட மாமியார். கதவோரம், சர்க்கரை கேட்க வந்த மாடி வீட்டம்மா. அத்தனை பேரும் கையசைத்தார்கள், அத்தனை பேரும் சிரித்தார்கள். "சாப்பிட்டாங்களான்னு கேளு" என்றார் மாமியார். "குளிருமான்னு கேளு" என்றார் அண்ணி. அக்கா ஒரு சொல்லுக்கு நிற்பதற்குள் நாத்தனார் கைப்பேசியை வாங்கி, வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கிவிட்டார். சமையலறை வரை காட்டினார். அழைப்பு இனிதே முடிந்தது. எல்லாருக்கும் பரம திருப்தி.

மறுநாள் செய்தி வந்தது. மிகவும் மரியாதையான செய்தி. "உங்கள் குடும்பத்தை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் என் வீட்டில் ஒரு கட்டில்தான் இருக்கிறது. இத்தனை பேருக்கு என்னால் இடம் கொடுக்க முடியாது. மன்னிக்கவும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அக்கா சிரிக்கவில்லை. அழுதார். வேலை முடிந்து வந்தவர், அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் அழுதார். அண்ணன் தேற்றினார்: "விடும்மா. அடுத்த வருஷம் நாம எல்லாருமா சேர்ந்து போவோம்." நாத்தனார் உடனே, "ஜன்னல் சீட்டு எனக்கு" என்றார். அவையோரே, அதுதான் ஆபத்து! எல்லாரும் சேர்ந்து போனால் என்ன நடக்கும்? கடல் கடந்து, கண்டம் கடந்து, காலநிலை கடந்து போய், "அந்தச் சீப்பு எங்கே?" என்று தமிழில் தேடிக்கொண்டிருப்பார்கள். மூன்று ஆண்டு முயற்சி, முப்பது நாள் முழுக்க மூடிய வாயோடு திரும்பி வரும்.

செயலாளர் என்பதால் அந்தச் செய்தியைப் பார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் நாற்காலி நுனியில் இருந்தேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் இப்பவே பேசுறேன்" என்று எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். கணவர் தலையை வாரிக்கொண்டார். மாமியாரின் நாற்காலி நகரத் தொடங்கியது. அக்கா படுக்கையறை வாசலில் திரும்பி நின்றார். குரல் உயரவில்லை. வேலை நேரத்துக் குரல்தான்.

"கூட வந்தவங்க எல்லாரும் வெளியில இருங்க."

கதவு மூடியது. அண்ணனின் வலது கால், தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது, நான் பார்த்தேன். உள்ளே குரல் கேட்டது. மெதுவாக, சொல் சொல்லாக. அன்று முகம் காட்டியவர்கள் வரமாட்டார்கள், பார்க்க வந்தவர்கள்தான் என்று ஒவ்வொருவராக விளக்கிக்கொண்டிருந்தார். கணவர் முடிந்தது, அண்ணன் முடிந்தது. நாத்தனாரைச் சொல்ல வந்தபோது நின்றுவிட்டார். சொல் வரவில்லை. வெளியே நாத்தனாருக்கு அந்தச் சொல் தெரியும்! அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்பானியச் சொல் அது, தன்னைக் குறிக்கும் சொல்லாயிற்றே! "குன்யாதா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவுப் பக்கம் ஓரடி வைத்தார். பிறகு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மையார் இதுவரை செய்த தியாகங்களில் அதுவே தலையாயது என்று அவர் கணவரே சொல்கிறார்.

எவ்வளவு நேரம் அந்த அமைதி? தெரியாது. யாரும் மூச்சு விடவில்லை. பிறகு உள்ளிருந்து வந்தது: "என் கணவரின் அக்கா." அந்தச் சொல் கிடைக்கவில்லை, சுற்றி வந்து சொல்லிவிட்டார்! யாரும் எடுத்துக் கொடுக்காமல், அவராகவே! தொடர்ந்து அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. ஒருவர் சிரிப்பா அது? பல பேர் சிரிப்பு. அந்த அம்மா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாராம். அவர் வீட்டிலும் தங்கை, மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேர், வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவின் பேரில், படத்துக்குள் வராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டில் கிடைத்துவிட்டது. நாளை மறுநாள் விமானம். வேன் பிடித்து வழியனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போங்கள். கண்ணாடிக் கதவு வரைக்கும் போங்கள். அதற்கு அப்பால் அவர் ஒருவர்தான். தினமும் அழைத்து "சாப்பிட்டியா" என்று கேட்கப் போகிற அன்பர்களே, சாப்பிட்டிருப்பார்! அந்த ஊரில் ஒரு கடை வாசலில், ஒரு பேருந்து நிறுத்தத்தில், ஒரு சொல்லுக்காக அவர் நிற்பார். நிற்கட்டும். அந்த இடம் அவருடையது.

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் ஒதுங்கியதும் இந்த ஒலிபெருக்கி முன் அக்கா ஸ்பானிய மொழியில் பேசப் போகிறார். நடுவில் எங்கோ நின்றுவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆசிரியை அவர்களே, நீங்களும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முன்வரிசையில் இருக்கும் நாத்தனார் அவர்களே, கைகள் தயாராக இருக்கட்டும். பொறுமையாகக் கேட்ட அவைக்கும், நேரம் தந்த தலைவர் அவர்களுக்கும் நன்றி கூறி, அக்கா சொல்ல வேண்டியதை ஒரு முறை மட்டும் அவருக்குப் பதிலாக நான் சொல்லி விடைபெறுகிறேன்.

மூச்சை இழுத்துப் பிடியுங்கள். அசையாதீர்கள். விடலாம் என்று அவர் சொல்வார். வணக்கம்.