எட்டு மணி நேரச் சோதனை

நோலீன் நல்ல தேநீர் போடுவாள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட். டான்க்ரெட் பண்ணையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மற்றபடி அங்கே மாடு, ஈ, சிவப்புத் தூசி, அப்புறம் அவள் புருஷன் ராய்ஸ்.

இந்த ஊரைச் சுற்றி இருநூறு கிலோமீட்டருக்குள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான் ஒருவன்தான். இவர்கள் கம்ப்யூட்டரை நாய் மாதிரி நடத்துகிறார்கள் என்று சொல்ல வந்தேன். நாயை நன்றாகத்தான் நடத்துகிறார்கள்.

ராய்ஸின் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்தது, திரையில் கடைசியாக இருந்தது அப்படியே நின்றுவிடும். பண்ணையில் ஒன்பது ஆழ்துளைக் கிணறுகள். ஒவ்வொன்றின் தொட்டியிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அந்தத் திரையில் ஒரு நீலப் பட்டை காட்டும். முன்பெல்லாம் இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டியில் போய்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். திரை வந்த பிறகு ராய்ஸ் கோப்பையும் கையுமாக வந்து நீலத்தைப் பார்ப்பான், போவான். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டான். அதற்குப் பெயர் பண்ணை நிர்வாகம்.

அக்டோபரில் போனேன். விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்தேன். மறுபடி உறைந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன், பழுதில்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் உறைந்தது. மிச்சம் இருந்தவை ரேம் என்கிற இரண்டு நினைவகப் பட்டைகள். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றொன்றுக்குச் சோதனையை ஓடவிட்டேன். எட்டு மணி நேரம் ஓட வேண்டும், நடுவில் நின்றால் முதலிலிருந்து. காலை ஏழரைக்கு ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் திரையில் சிவப்பு வரிகள் வந்துவிட்டன. கோளாறு அந்தப் பட்டையில்தான். ஆனாலும் ஒரு சோதனையை முழுவதும் முடிப்பது என் வழக்கம்.

மூன்று மணிக்குத் தேநீர் வேளை. அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். ராய்ஸ் வந்தான், என் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகினான்.

"இன்னும் அரை மணி நேரந்தான் பாக்கி இருந்துச்சு, ராய்ஸ்."

"என்னய்யா ஸ்க்ரூ, காலைலேருந்து நம்பர் ஓடுறத வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. நான் பம்பு சத்தத்த வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன். இதெல்லாம் ஒரு வேலையா?" என் பெயர் கிளைவ். அவன் வாயில் எப்போதும் ஸ்க்ரூதான்.

நோலீனின் தம்பி டார்சி கதவில் சாய்ந்து நின்றான். நாற்பது வயது ஆள், வேலி போடுவது தொழில். "அடப்பாவி ராய்ஸ், அடைகாக்குற கோழிய எழுப்பி விட்டுட்டியே" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நோலீனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எனக்கும் தேநீர் ஊற்றினாள்.

என் பையில் நல்ல பட்டை ஒன்று இருந்தது. அதை எடுக்கவில்லை. கெட்டதை அப்படியே விட்டு, கழற்றி வைத்ததையும் திரும்பப் பொருத்தினேன். "தூசிதான், சரியாப் போச்சு" என்றேன்.

"அப்படியே ஸ்கிரீன்ல இருக்குற குப்பையெல்லாம் எடுத்துடு. எனக்கு நீலம் மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றான் ராய்ஸ்.

அந்தக் குப்பையில் ஒரு கடிகாரம் இருந்தது. கம்ப்யூட்டர் உறைந்தால் கடிகாரமும் நிற்கும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அதை மறைத்தேன். அவன் கேட்டான், நான் செய்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஜனவரி உச்சக் கோடையில் டார்சியை ஒன்பதாம் கிணற்றருகே வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர். ஒரு வாரம் வேலி வேலை, அடுத்த வியாழன் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. வண்டி இல்லை, ரேடியோ எட்டாது. குடிக்க ஒரு கேன், மீதிக்குத் தொட்டி. வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் உறைந்தது, தொட்டி நிறைந்திருந்த நேரத்தில். அன்றைக்கே அங்கே பம்பும் நின்றது. நாற்பத்தாறு டிகிரி வெயிலில் முந்நூறு மாடுகள் குடித்தால் ஒரு தொட்டி எத்தனை நாளைக்கு வரும்?

ஞாயிற்றுக்கிழமை நோலீன் போன் செய்தாள்.

"கிளைவ், ஒன்பதாம் நம்பர் நீலம் வெள்ளிக்கிழமையிலேருந்து ஒரு நூலுகூட எறங்கலப்பா. இந்த வெயில்ல மாடு குடிக்காமலா இருக்கும்? ராய்ஸ்கிட்ட சொன்னா, ரொம்பி இருந்தா சந்தோஷப்படுடின்னு சொல்றாரு. என் தம்பி அங்க தனியா இருக்கான்."

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்று சொல்லியிருந்தால் போதும். திரை உண்மையைக் காட்டியிருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் வண்டி போய்ச் சேர்ந்திருக்கும்.

"நெறஞ்சிருக்குன்னு காட்டுனா நெறஞ்சிருக்குன்னுதான் அர்த்தம், நோலீன். சந்தேகமா இருந்தா ராய்ஸ என்கிட்டப் பேசச் சொல்லு" என்றேன்.

திங்கள் முழுவதும் போன் பக்கத்திலேயே இருந்தேன். செவ்வாயும் இருந்தேன். ராய்ஸ் பேசவில்லை. பம்பு சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன் என்னிடம் எதற்குப் பேசப்போகிறான்.

வியாழக்கிழமை அவனைக் கூட்டிவர வண்டி போனபோது காலித் தொட்டியைச் சுற்றி மாடுகள் செத்துக் கிடந்தன. டார்சி வீட்டை நோக்கிப் பதினெட்டு கிலோமீட்டர் நடந்திருந்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. உடலைத் தூக்கியது நீங்கள்தான், நான் சொல்ல வேண்டியதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நோலீன் என்னைக் கூப்பிட்டாள். போனேன். கெட்ட பட்டையைக் கழற்றி நல்லதைப் பொருத்தினேன், சோதனையை ஓடவிட்டேன். அன்றைக்குத் தேநீர் இல்லை. ராய்ஸ் எனக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து அந்த நம்பர்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணி நேரம், ஒரு பிழை இல்லை. அந்த வீட்டில் கடைசியாக என் வேலைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, சார்ஜன்ட்.